ஆதார் ஆணையத்தை யார் கண்காணிக்கிறார்கள்? முதன்முறை தேடுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் அத்தைக்கு 72 வயது. நாற்று நட்டும் களை பறித்தும் தேய்ந்த கை. ரேஷன் கடையில் கட்டை விரலை மெஷினில் வைத்தார், ரேகை விழவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு ஆள்காட்டி விரலை வைத்தார், அதுவும் விழவில்லை. கடைக்காரத் தம்பி பொறுமையானவர். ஈரத்துணியைத் தொட்டுவிட்டு வைக்கச் சொன்னார், இடது கையை வைக்கச் சொன்னார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. கடைசியில், “ஆதார்ல அப்டேட் பண்ணிட்டு வாங்கம்மா” என்றார். ஒரு சேவை மையத்தில் காசு கட்டி அப்டேட் செய்தோம். அடுத்த மாதமும் விரல் விழவில்லை.

அன்றைக்கு எனக்கு இரண்டு கேள்விகள் வந்தன. இந்த விரல் ஏன் விழவில்லை என்று பார்க்க வேண்டியது யார்? அவர்கள் பார்க்கிறார்களா என்று பார்க்க வேண்டியது யார்? முதல் கேள்விக்குப் பதில் தேட உதவி எண் இருக்கிறது, 1947. இரண்டாவது கேள்விக்கு அப்படி ஒரு எண் கிடையாது. அதைத் தேடிப் போனபோது நான் கற்றுக்கொண்டதைத்தான் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். சட்டம் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. ஒரு ஃபைலும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

படி 1: யார் எதற்குப் பொறுப்பு என்று முதலில் பிரியுங்கள்

விரல் வைக்கும் அந்த ஒரு நொடிக்குள் பல கைகள் இருக்கின்றன. கடையும் மெஷினும் மாநில அரசின் பொது விநியோகத் துறையைச் சேர்ந்தவை. மெஷினிலிருந்து கேள்வி ஒரு இடைநிலை நிறுவனத்தின் வழியாக ஆதார் எண்ணை வழங்கும் ஆதார் ஆணையத்தின் (UIDAI) தரவு மையத்துக்குப் போகிறது. அங்கே ஏற்கெனவே பதிவான கைரேகையோடு ஒப்பிட்டு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று பதில் வருகிறது. அரிசி கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது ஆணையம் அல்ல, துறைதான். இதைப் பிரிக்காமல் மனு போட்டால் துறை ஆணையத்தைக் கை காட்டும், ஆணையம் துறையைக் கை காட்டும். நடுவில் நின்று அலைவது நாம்தான்.

ஆகவே முதல் வேலை, ஆதாரம் சேர்ப்பது. ஆதாரோடு செல்பேசி எண் இணைந்திருந்தால், மைஆதார் தளத்தில் ஓடிபி கொடுத்து உள்ளே போய் ‘அங்கீகார வரலாறு’ என்ற பகுதியைத் திறங்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த நிறுவனம் கேட்டது, கைரேகையா ஓடிபியா, வெற்றியா தோல்வியா என்று வரிசையாக இருக்கும். தோல்வி என்றால் பக்கத்தில் ஒரு எண் இருக்கும். 300 என்றால் கைரேகை பொருந்தவில்லை. 330 என்றால் பயோமெட்ரிக் பூட்டப்பட்டிருக்கிறது. அத்தையின் வரலாற்றில் 300 என்ற எண் ஒரே காலை வேளையில் அடுத்தடுத்து வரிசையாக நின்றதைப் பார்த்ததும், “கை சரியா வைக்கலை” என்று யாரும் இனி எளிதாகச் சொல்லிவிட முடியாது என்று தோன்றியது.

இதில் தாமதம் கூடாது. கடைசி 6 மாதத்துப் பதிவுகள்தான் கிடைக்கும். முன்பு இந்தப் பதிவுகளை 5 ஆண்டுகள் காப்பகத்தில் வைக்க விதி இருந்தது. 6 மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. நம் தனியுரிமைக்கு அது நல்லதுதான். நம் வழக்குக்கு வேண்டியதை நாமே உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அச்சிட்டு, தேதி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

படி 2: சட்டத்தில் சில பிரிவுகளை மட்டும் படியுங்கள்

ஆணையம் 2009 ஜனவரியில் திட்டக் குழுவின் ஓர் அறிவிப்பால் பிறந்தது. நந்தன் நிலேகனி அதன் முதல் தலைவர். 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் தெம்பலி கிராமத்தில் முதல் எண் வழங்கப்பட்டது. இதற்கெல்லாம் அப்போது தனிச் சட்டம் இல்லை. 2010இல் கொண்டுவந்த மசோதாவை யஷ்வந்த் சின்கா தலைமையிலான நாடாளுமன்ற நிதி நிலைக்குழு 2011 டிசம்பரில் ஏற்க மறுத்தது. பிறகு 2016 மார்ச்சில்தான் ஆதார் சட்டம் நிறைவேறியது. அதற்குள் கிட்டத்தட்ட 100 கோடிப் பேருக்கு எண் கொடுத்தாகிவிட்டது. அதுவும் பண மசோதாவாகக் கொண்டுவரப்பட்டது. பண மசோதா என்றால் மாநிலங்களவை திருத்தம் சொல்லலாம், கட்டாயப்படுத்த முடியாது. சொன்ன திருத்தங்களை மக்களவை ஏற்கவில்லை. கண்காணிப்பு ஏற்பாடு ஏன் இவ்வளவு மெலிதாக இருக்கிறது என்று பின்னால் கேள்வி வரும்போது இந்தப் பிறப்புக் கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தை ‘இந்தியா கோட்’ தளத்திலிருந்து இறக்குங்கள். 2019இல் பெரிய திருத்தம் நடந்தது, பழைய பிரதி வைத்துக்கொண்டு படித்தால் குழம்பிவிடுவீர்கள். முழுவதையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டாம்.

பிரிவு 7இல் தொடங்குங்கள். அரசு மானியத்துக்கு ஆதார் கேட்கலாம் என்று சொல்லும் பிரிவு இது. எண் இன்னும் கிடைக்காதவருக்கு மாற்று அடையாளத்தின் பேரில் பலனைக் கொடுக்க வேண்டும் என்பதும் இதிலேயே இருக்கிறது. எண் இருந்தும் விரல் விழாதவர் கதை? அதற்கு ஆணையம் 2017 அக்டோபர் 24 அன்று ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அங்கீகாரம் தோற்றாலும் பயனாளியைத் திருப்பி அனுப்பாமல் வேறு வழிகளைக் கையாளச் சொல்லும் சுற்றறிக்கை அது. இதன் நகல் உங்கள் ஃபைலில் கட்டாயம் இருக்கட்டும்.

அடுத்து பிரிவு 12 முதல் 18 வரை. ஒரு தலைவர், இரண்டு பகுதிநேர உறுப்பினர்கள், உறுப்பினர்-செயலராக ஒரு தலைமைச் செயல் அலுவலர். நால்வரையும் நியமிப்பது மத்திய அரசு. தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் 3 ஆண்டுப் பதவிக்காலம், 65 வயது வரை. தலைவர் பதவியே பகுதிநேரமாக இருக்கலாம். 2023 ஆகஸ்டில் நீல்கண்ட் மிஸ்ரா பகுதிநேரத் தலைவராகத்தான் நியமிக்கப்பட்டார். அன்றாட அதிகாரம் முழுக்கத் தலைமைச் செயல் அலுவலரிடம், அதாவது கூடுதல் செயலர் நிலைக்குக் குறையாத ஓர் அரசு அதிகாரியிடம் இருக்கிறது. நிறுவனத்தைப் பற்றிப் புதிதாகப் படிப்பவர்கள் தலைவர் பெயரைத்தான் தேடுவார்கள். நான் சொல்வேன், தலைமைச் செயல் அலுவலர் கையெழுத்திட்ட சுற்றறிக்கைகளைத் தேடுங்கள், உண்மையான நிர்வாகம் அங்கேதான் நடக்கிறது.

பிரிவு 48ஐயும் 50ஐயும் சேர்த்துப் படிக்க வேண்டும். கொள்கை விஷயங்களில் மத்திய அரசு எழுத்தில் தரும் உத்தரவுக்கு ஆணையம் கட்டுப்பட்டது. தொழில்நுட்ப, நிர்வாக விஷயங்கள் இதில் வராது. ஆனால் எது கொள்கை, எது கொள்கையில்லை என்ற சந்தேகம் வந்தால் அரசின் முடிவே இறுதி. தேவைப்பட்டால் ஆணையத்தையே 6 மாதம் வரை அரசு கலைத்து வைக்கலாம், காரணத்தை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். ஆக, மேலே மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் இருக்கிறது. பக்கத்தில் சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்பு என்று எதுவும் இல்லை. தொலைபேசித் துறைக்கு ட்ராய் இருப்பதுபோல் இங்கே ஒருவர் இல்லை. ஆதாரை நடத்துவதும், அதற்கு விதி எழுதுவதும், விதியை மீறியவர்மேல் முதலில் புகார் கொடுப்பதும் ஒரே ஆணையம்தான். எனக்கு இந்த அமைப்பில் பெரிய குறையாகப் படுவது இதுதான்.

பிரிவு 33 இன்னும் கூர்மையான உதாரணம். தேசப் பாதுகாப்பின் பேரில் தகவலை வெளியிட ஓர் உயர் அதிகாரி உத்தரவிடலாம். அதை அமைச்சரவைச் செயலர் தலைமையிலான கண்காணிப்புக் குழு பரிசீலிக்கும். குழுவில் இருப்பவர்கள் எல்லோருமே அரசுச் செயலர்கள். 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இந்த ஏற்பாட்டை அப்படியே ஏற்கவில்லை. அதிகாரியின் நிலை உயர வேண்டும், நீதித்துறையைச் சேர்ந்த ஒருவரும் இதில் இருக்க வேண்டும் என்றது. 2019 திருத்தம் அதிகாரியின் நிலையை இணைச் செயலரிலிருந்து செயலராக உயர்த்தியது. நீதிபதியைச் சேர்க்கவில்லை. தீர்ப்பையும் திருத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் இந்த இடைவெளி கண்ணில் படும்.

பிரிவு 26, 27, 55 ஆகிய மூன்றும் நமக்குக் கருவிகள். கணக்குகளைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் (சிஏஜி) தணிக்கை செய்ய வேண்டும் என்கிறது 26. ஆண்டறிக்கையை நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்க வேண்டும் என்கிறது 27. விதிகளையும் ஒழுங்குமுறைகளையும் அவைகளில் 30 நாள் வைக்க வேண்டும் என்கிறது 55. இவை ஒவ்வொன்றும் ஒரு காகிதத்தை வெளியே தள்ளுகிறது. நம் வேலை அந்தக் காகிதங்களைத் தேடிப் பிடிப்பது.

படி 3: சிஏஜி அறிக்கையைக் கையில் எடுங்கள்

ஆணையத்தைப் பற்றி வெளியே கிடைக்கும் ஆவணங்களில் எனக்கு மிகவும் பயன்பட்டது எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: சிஏஜியின் 2021ஆம் ஆண்டு அறிக்கை எண் 24. 2014-15 முதல் 2018-19 வரை ஆணையம் எப்படிச் செயல்பட்டது என்ற செயல்திறன் தணிக்கை அது. 2022 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. சிஏஜி தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

தணிக்கை அறிக்கை என்றாலே பயம் வரும். படிக்கிற முறை தெரிந்தால் அவ்வளவு கடினமில்லை. முதலில் நிர்வாகச் சுருக்கம். அதில் ஒவ்வொரு குறையும் ஓரிரு வரியில் இருக்கும். உங்கள் கேள்விக்குத் தொடர்புள்ள பத்தியைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் உள்ளே அதே பத்தி எண்ணுக்குப் போங்கள். அங்கே மூன்று அடுக்கு இருக்கும்: தணிக்கையாளர் கண்டது, ஆணையம் தந்த பதில், அந்தப் பதிலைத் தணிக்கையாளர் ஏற்றாரா இல்லையா. பெரும்பாலானவர்கள் முதல் அடுக்கோடு நிறுத்திவிடுவார்கள். செய்திகளிலும் அதுதான் வரும். சரக்கு இருப்பது இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான். நிறுவனம் தன் குறையை எப்படி விளக்குகிறது என்பதில்தான் அடுத்து நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒளிந்திருக்கும்.

அத்தையின் விரலுக்குத் தொடர்பாக நான் தேடியது அதில் இருந்தது. அங்கீகாரப் பிழைகளுக்கான காரணங்களை ஆராய்வதற்கு ஆணையத்திடம் ஓர் ஏற்பாடு இல்லை என்று தணிக்கையாளர் எழுதியிருந்தார். இன்னொரு பத்தி: 2018-19இல் நடந்த 3.04 கோடி பயோமெட்ரிக் அப்டேட்களில் 73 சதவீதத்துக்கு மேல், தவறான பயோமெட்ரிக்கைச் சரிசெய்ய மக்களே கட்டணம் கட்டிச் செய்துகொண்டவை. அந்த வரியை நான் இரண்டு தடவை படித்தேன். நாங்கள் கட்டிய காசு எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல என்று புரிந்தது.

வேறு கண்டுபிடிப்புகளும் உண்டு. 2019 நவம்பர் வரை 4.75 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆதார் எண்கள் இரட்டைப் பதிவு என்று ரத்தாகியிருந்தன. 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு, கைரேகை இல்லாமல் பெற்றோரின் பயோமெட்ரிக்கை வைத்து எண் கொடுத்ததில் 2019 மார்ச் வரை 310 கோடி ரூபாய் தவிர்த்திருக்கக்கூடிய செலவு என்றார் தணிக்கையாளர். தரவைக் காப்பகப்படுத்தும் கொள்கை ஆணையத்திடம் இல்லை என்றும் குறித்தார். இந்த எண்களைச் சொல்லும்போது எந்தத் தேதி வரைக்கும் உள்ளவை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். பழைய நிலவரத்தை இன்றைய நிலவரம்போலப் பேசினால், அதிகாரி ஒரே வாக்கியத்தில் நம்மை உட்கார வைத்துவிடுவார்.

படி 4: நாடாளுமன்றத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்

சிஏஜி அறிக்கை போய்ச் சேரும் இடம் பொதுக் கணக்குக் குழு. 22 பேர், மக்களவையிலிருந்து 15, மாநிலங்களவையிலிருந்து 7. 1967 முதல் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவரே தலைவராக இருப்பது மரபு. இதோடு தகவல் தொடர்பு மற்றும் தகவல் தொழில்நுட்ப நிலைக்குழுவும் இருக்கிறது. மின்னணு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையை, அதாவது அது கேட்கும் பட்ஜெட் தொகையை, ஒவ்வொரு ஆண்டும் அந்தக் குழு பரிசீலிக்கிறது. அந்த அறிக்கையில் ஆணையத்துக்கு ஒதுக்கிய தொகை, செலவான தொகை, ஏன் மிச்சம் என்ற கேள்வி எல்லாம் வரும். குழு பரிந்துரை செய்தால் அரசு 3 மாதத்துக்குள் நடவடிக்கை பற்றிப் பதில் தர வேண்டும். அது தனி அறிக்கையாக வரும். முதல் அறிக்கையை மட்டும் படித்துவிட்டு விடாதீர்கள், பதிலறிக்கையையும் தேடுங்கள்.

நாடாளுமன்றத்தின் ‘சன்சத்’ தளத்தில் கேள்வி-பதில் தேடும் வசதி இருக்கிறது. அமைச்சகத்தைத் தேர்ந்தெடுத்து, ‘ஆதார்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஆண்டுக்கணக்கான பதில்கள் வந்து விழும். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்வி 20, நட்சத்திரமில்லாதது 230. நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் வாயால் பதில் சொல்வார், துணைக் கேள்வியும் கேட்கலாம். மற்றதற்கு எழுத்துப் பதில்தான். நமக்கு எழுத்துப் பதிலே அதிகம் பயன்படும். பின்னிணைப்பில் மாநில வாரியாக அட்டவணை இருக்கும், அதைக் கவனியுங்கள்.

உங்கள் தொகுதி எம்.பி.யிடமும் கேட்கலாம். கேள்விக்கு 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதால், கூட்டத்தொடர் தொடங்கும் தேதி அறிவித்த உடனே அவர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். நீண்ட மனு வேண்டாம். கேள்வியை அவர் அப்படியே எடுத்துப் போடும் வடிவில், (அ), (ஆ), (இ) என்று பிரித்து அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். எம்.பி. அலுவலகத்தில் வேலை செய்பவர்களுக்கு நேரம் இருக்காது, தயாராக வந்த கேள்விக்கு மதிப்பு அதிகம்.

படி 5: வரைவு விதி வரும்போது கருத்துச் சொல்லுங்கள்

இதைப் பலர் தவறவிடுகிறார்கள். அமைச்சகம் சில நேரம் விதியை அறிவிக்குமுன் வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்கும். 2023 ஏப்ரலில் அப்படி ஒரு வரைவு வந்தது. அரசல்லாத நிறுவனங்களும் சில நோக்கங்களுக்கு ஆதார் அங்கீகாரம் கேட்க வழி செய்யும் திருத்தம் அது. கருத்துச் சொல்ல மே 5 வரைதான் நேரம். அந்தத் திருத்தம் 2025 ஜனவரி 31 அன்று அறிவிப்பானது. கருத்துச் சொல்லச் சில வாரம், முடிவெடுக்க ஏறக்குறைய 2 ஆண்டு. அமைச்சகத்தின் தளத்தை வாரம் ஒரு முறையாவது எட்டிப் பாருங்கள்.

படி 6: புகாரும் வழக்கும்

சட்டத்தின் பிரிவு 47 முதலில் ஒரு வினோத நிலையில் இருந்தது. உங்கள் தகவலை ஒருவர் திருடினாலும், ஆணையம் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் குற்றத்தை எடுத்துக்கொள்ளும். பாதிக்கப்பட்டவருக்கு அந்த வழி இல்லை. 2018 தீர்ப்பு இதைச் சுட்டிக்காட்டிய பிறகு, 2019 திருத்தத்தில் சில குற்றங்களுக்குத் தனிநபரும் நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம் என்று மாறியது. ஆதார் எண் வைத்திருப்பவர்களுக்குக் கிடைத்த உருப்படியான மாற்றம் என்று இதைச் சொல்வேன்.

விதியை மீறும் நிறுவனங்களுக்கு 1 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கும் ஏற்பாடும் அதே திருத்தத்தில் வந்தது. புகாரை எழுப்புவது ஆணையம், தீர்ப்பளிப்பது நியாய நிர்ணய அலுவலர், மேல்முறையீடு தொலைத்தொடர்புத் தகராறு தீர்ப்பாயத்துக்கு. இதில் தனிநபருக்கு நேரடிக் கதவு இல்லை.

படி 7: ஆர்டிஐ மனு போடுங்கள்

மற்ற எல்லாப் படிகளிலும் நாம் அடுத்தவர் எழுதியதைப் படிக்கிறோம். இங்கே நாமே கேட்கிறோம். ஆதார் ஆணையம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் வரும் அமைப்பு. சைபர் பாதுகாப்பைக் கவனிக்கும் செர்ட்-இன் அமைப்புக்கு 2023 நவம்பரில் விலக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆணையத்துக்கு அப்படி விலக்கு இல்லை.

மனுவை எங்கே அனுப்புவது? கடை, மெஷின், மாற்று வழி பற்றிய கேள்வி என்றால் மாநிலத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி. ஆணையத்தின் கொள்கை, ஆய்வு, ஒப்பந்தம் என்றால் டெல்லித் தலைமை அலுவலகத்துக்கு, மத்திய அரசின் ஆர்டிஐ ஆன்லைன் தளத்தில் 10 ரூபாய் கட்டி. ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகத்தின் கீழ்தான் தமிழ்நாடு வருகிறது, தமிழ்நாட்டுப் பதிவு மையங்களைப் பற்றிய கேள்விக்கு அதுவும் பொருத்தம். தவறான அலுவலகத்துக்குப் போனால் 5 நாளுக்குள் சரியான இடத்துக்கு மாற்றியனுப்ப வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மனுவைத் தமிழிலும் எழுதலாம். டெல்லிக்குப் போகும் மனுவோடு ஆங்கில வடிவத்தையும் இணைத்துவிட்டால் மொழிபெயர்ப்பு என்ற சாக்கில் தாமதம் வராது. ஆன்லைன் பெட்டியில் 3,000 எழுத்துக்குள் அடங்க வேண்டும், மீறினால் பிடிஎஃப்பாக இணையுங்கள்.

மனு எழுதுவதில்தான் புதியவர்கள் சறுக்குவார்கள். நானும் சறுக்கினேன். என் முதல் மனுவில் “முதியவர்களின் கைரேகை ஏன் பொருந்துவதில்லை? இதற்கு என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?” என்று ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன். 29ஆம் நாள் இரண்டு வரி பதில் வந்தது, விளக்கம் தருவது தகவல் ஆகாது என்று. சட்டப்படி அது சரிதான். ஏற்கெனவே காகிதத்திலோ கணினியிலோ இருப்பதைத்தான் தர வேண்டும், ‘ஏன்’ என்ற கேள்விக்குப் பதில் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. இரண்டாவது மனுவை இப்படி மாற்றினேன்:

“1. சிஏஜியின் 2021ஆம் ஆண்டு அறிக்கை எண் 24இல் அங்கீகாரப் பிழைகள் பற்றிய தணிக்கைக் குறிப்புக்கு எடுத்த நடவடிக்கை தொடர்பான கோப்புக் குறிப்புகளின் நகல்.

2. கைரேகை அங்கீகாரத் தோல்வி குறித்து கடந்த 3 நிதியாண்டுகளில் தயாரான ஆய்வு அறிக்கைகளின் பட்டியலும் நகலும்.

3. 2017 அக்டோபர் 24 சுற்றறிக்கை மாநிலங்களில் நடைமுறையாகிறதா என்று கேட்டு அனுப்பிய கடிதங்களின் நகல்.

4. கேட்ட தகவலில் ஒரு பகுதி விலக்குக்கு உட்பட்டது என்று கருதினால், பிரிவு 10இன்படி மற்ற பகுதியைப் பிரித்துத் தரவும்.”

ஒவ்வொன்றிலும் ‘நகல்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ‘என்ன’, ‘ஏன்’, ‘எப்போது’ எல்லாம் போய்விட்டது. நான்காவது வரியை எந்த மனுவிலும் விடாதீர்கள். பாதுகாப்பு, வணிக ரகசியம், தனிநபர் தகவல் என்று காரணம் சொல்லி முழுக் கோப்பையும் மறுக்கும் பழக்கத்துக்கு அந்த ஒரு வரி தடையாக நிற்கும். தனிநபர் தகவல் பற்றிய விலக்கு 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டத்தால் இன்னும் அகலமாகிவிட்டது. ஆகவே யாருடைய பெயரையும் எண்ணையும் கேட்காதீர்கள், எண்ணிக்கையையும் ஆவணத்தையும் கேளுங்கள்.

30 நாள் கணக்கை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். பதில் வராவிட்டாலும், வந்த பதில் போதாவிட்டாலும், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்குக் கட்டணம் இல்லை. மேல்முறையீட்டில் கோபத்தைக் கொட்டாதீர்கள். எந்த எண்ணுக்கு என்ன கேட்டேன், என்ன வந்தது, எது வரவில்லை என்று மூன்று கட்ட அட்டவணை போடுங்கள். அதுவும் பலிக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் மத்திய தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. மாநிலத் துறை என்றால் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு.

மத்திய தகவல் ஆணைய விசாரணைக்கு டெல்லி போக வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள என்ஐசி (தேசியத் தகவலியல் மையம்) அறையில் உட்கார்ந்து காணொலி வழியாகப் பேசலாம். சில நிமிடங்கள்தான் கிடைக்கும். மனு, பதில், முதல் மேல்முறையீடு, உத்தரவு ஆகிய நான்கையும் பக்க எண் போட்டு மேலே வைத்துக்கொள்ளுங்கள். தணிக்கை அறிக்கையில் உங்களுக்கு வேண்டிய பத்தியில் ஒரு சீட்டு ஒட்டிக்கொள்ளுங்கள். ஆணையர் “உங்களுக்கு எது கிடைக்கவில்லை?” என்றுதான் முதலில் கேட்பார். கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லாமல், “இரண்டாவது எண்ணில் கேட்ட பட்டியல்” என்று நேராகச் சொல்லுங்கள். அரை மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள், அறை எந்த மாடியில் இருக்கிறது என்று கேட்டுக் கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆகும்.